கோவிந்தன் என்றால்தான் செவலை வாய் வைக்கும்

சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுப்போன என் மாமாவுக்கு,

போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்றாள் பேத்தி. ஐந்தாவது வரை படித்தவள் நான், என் புருஷனுக்கு நானே எழுதிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் அண்ணன் ஊர் நடுவில் தலை குனிந்ததை வேறு கை எழுதினால் எனக்கு ஆறாது.

உங்கள் பாடை வாசலில் காத்துக் கிடந்தது. பெயர் சொல்லி ஊரே உங்கள் அண்ணனைக் கூப்பிட்டது. இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர், ஒரு புளியமரத்துச் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு, தோள் கொடுக்க வரவில்லை. பார்த்தீர்களா மாமா?

நம் செவலை இரண்டு நாள் சோற்றில் வாய் வைக்கவில்லை. நாய்க்கும் துக்கம் என்றார்கள். காரணம் எனக்குத்தானே தெரியும்? களி உருண்டையை உள்ளங்கையில் வைப்பீர்கள். பாய்ந்தால் கையை மூடிக்கொள்வீர்கள். பொறுமையாக உங்கள் முகத்தைப் பார்த்தால், "கோவிந்தன்" என்று சொல்லிக் கையைத் திறப்பீர்கள். அண்ணன் மேல் இருந்த கோபத்தில் அப்படி ஒரு விளையாட்டு உங்களுக்கு. "எங்க, நீ ஒரு வாட்டி சொல்லு பாப்போம்" என்று என்னையும் சீண்டுவீர்கள். புருஷனின் அண்ணன், மூத்தார் பெயரை நான் எப்படிச் சொல்வேன்? புரட்டாசியில் ஊரே "கோவிந்தா" போடும்போதும் வாயை மூடிக்கொண்டு நின்றவள்.

மூன்றாம் நாள், தட்டின் முன்னால் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. நாக்கு கூசியது. செவலை தட்டை நக்கித் தீர்த்தது.

அந்த வாரமே உங்கள் அண்ணன் வந்தார். துக்கம் கேட்க இல்லை.

"உன் நாய் எங்கோழிய தின்னுட்டுது. மூட்டைல கட்டி ஆலங்காயத்தாண்ட வுட்டுட்டு வா. இல்லன்னா சோத்துல மருந்து வச்சிடுவேன்."

ஊர்க்கவுண்டரிடம் போய் நின்றேன். பதினைந்து நாளில் கூட்டம் போடுகிறேன் என்றார். எனக்கு அது போதும்.

களிக்குப் பொறுக்கிற நாய் கறிக்குப் பொறுக்குமா? முதல் நாள் கோழி எலும்போடு என் விரலையும் சேர்த்துக் கவ்வியது. திட்டவில்லை. கையை மூடிக்கொண்டேன். மறுநாளும் மூடினேன். பத்தாம் நாள் கோழிக்காலைத் தரையில் வைத்துவிட்டுக் களி கிண்டி முடித்தேன். திரும்பினால், செவலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கோயில் வாசலில் கூட்டம். வறுத்த கோழிக்காலை நடுவில் வைத்தேன். "தின்னு, தின்னு" என்று ஊரே சொல்லிப் பார்த்தது. உங்கள் அண்ணன் காலாலேயே அதன் பக்கம் தள்ளிவிட்டார். அது அசையவில்லை.

"இன்னா சின்னம்மா, சாமியார் நாயா இது?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"கோழிய தின்னுட்டுதுன்னு சொல்றவங்கள, வழக்கப்படி பேரச் சொல்லி சத்தியம் பண்ணச் சொல்லுங்க" என்றேன்.

உங்கள் அண்ணன் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். "சாமி சத்தியமா, கோவிந்தன் சொல்றேன்..."

அவ்வளவுதான். ஒரே கவ்வு. எலும்புகூட மிஞ்சவில்லை.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. இன்னொரு கறித்துண்டை வைத்து, ஊர் கேட்க நானே சொன்னேன். அதையும் தின்றது. பின்னால் நின்ற ஒருத்தி கத்தினாள்: "அய்ய, இவரு பேரக் கேட்டாதான் அது தின்னுமாம்! அப்ப கோழிய தின்னச் சொன்னதே இவருதான்!"

ஊர்க்கவுண்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "நாய் இங்கயே கெடக்கட்டும். அதும்மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். நீங்கள் இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பீர்கள்?

போன வாரம் உங்கள் அண்ணன் பெண்டாட்டி வந்தாள். "ஏண்டி, மூணு வேளையும் வாசல்ல நின்னு அந்தப் பேரக் கத்துற. அவருக்கு சோறு எறங்கல. வேற வார்த்தை கத்துக் குடேன்."

"ஊரே அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டப்ப அவரு வரலியே அக்கா. செவலை வருதே" என்றேன். போய்விட்டாள்.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள். நான் மன்னிக்கப் போவதில்லை.

செவலை நாலு குட்டி போட்டிருக்கிறது மாமா. நாலுக்கும் இப்போதே களி உருண்டை பிடிக்கிறேன், அதே பெயரைச் சொல்லி. வளர்ந்ததும் உங்கள் அண்ணன் வீட்டைச் சுற்றி இருக்கிற நாலு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் அத்தை மகள், உங்கள் பெண்சாதி,
காளியம்மா