சுவரொட்டியில் சைக்கிள் தள்ளும் அக்காவுக்கு

அக்கா,

சேலத்து அச்சகத்திலிருந்து இன்று காலை முதல் பஸ்ஸில் சுவரொட்டிக் கட்டு வந்தது. கயிற்றை அறுத்ததும் புது மை வாசனை என் வரைகலைக் கடை முழுக்கப் பரவியது. மேல் தாளில் நீங்கள். மூன்றாம் முறையாக அச்சாகியிருக்கிறீர்கள். இதைச் சொல்ல நீங்கள் இல்லையே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஏற்காட்டில் அன்றாடம் சைக்கிளில் போகிறவர்களைக் கொண்டாடி ஒரு சுவரொட்டி வேண்டுமென்று ஊர் சைக்கிள் குழுவினர் கேட்டிருந்தார்கள். நான் வரைந்ததோ ஹெல்மெட் போட்ட இளைஞன் ஒருவன் கொண்டை ஊசி வளைவில் பறந்து இறங்கும் படம். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்க வந்த உங்களிடம் பெருமையாகக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"நல்லா இருக்குதுங்க அம்மிணி. ஆனா எறங்கறது மட்டுந்தான் இருக்குது. ஏறி வரோணுமில்லீங்களா?"

சுருக்கென்றது. பள்ளி நாளில் மேட்டில் இறங்கித் தள்ளியதைப் பார்த்துத் தோழிகள் சிரித்ததிலிருந்து சைக்கிளையே தொடாதவள் நான். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் நீங்கள் தபால் கொடுக்கப் போன வாழவந்திப் பக்கம் உங்களோடு நடந்தே வந்தேன். சமதளத்தில் எனக்காக மெதுவாக மிதித்தீர்கள். மேடு வந்ததும் இறங்கித் தள்ளினீர்கள். ஆட்கள் வந்து சேர்ந்ததே அப்போதுதான். மகனின் வேலைக் கடிதம் வந்ததா என்று கேட்டபடி ஒருவர் காப்பித் தோட்டத்திலிருந்து இறங்கிக் கூடவே நடந்தார். விறகு சுமந்த பெண்ணொருத்தி சுமையை உங்கள் கேரியரில் வைத்துவிட்டுக் கைவீசி வந்தாள். மூச்சு வாங்க, எல்லோருக்கும் பதில் சொன்னீர்கள்.

அதையே வரைந்தேன். படத்தில் உங்களுக்கு ஒரே குறைதான்: செருப்பு தேய்ந்திருந்தது. புதுசாகப் போட்டுவிடச் சொன்னீர்கள். போட்டேன்.

குழுவினருக்குப் பிடிக்கவில்லை. தள்ளிக்கொண்டு போகிற படத்தைப் பார்த்து யார் சைக்கிளை எடுப்பார்கள் என்றார்கள். பழைய படத்தையே தந்துவிடுகிறேன் என்று நான் விட்டுக்கொடுத்த நேரத்தில், கையில் தபாலோடு நீங்கள் கடை வாசலில் நின்றிருந்தீர்கள். நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவர்.

"இருவது வருசமா இப்பிடித்தானுங்க போறேன். மேட்டுல தள்ளறேன், பள்ளத்துல ஓட்டறேன். ஒரு ஊட்டுக்கும் கடுதாசி போகாம நின்னதில்லீங்க."

 நீங்கள் தள்ளும் படமே அச்சுக்குப் போனது.

தலைச்சோலையில் தோட்ட வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள், சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்ததை நீங்களே வந்து சொன்னீர்கள். அன்று உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் வரைய முடிந்ததே இல்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழவில்லை. நன்றி என்று ஒருமுறைகூட உங்களிடம் நான் சொன்னதில்லை. தினமும் வருகிறவர்தானே என்று இருந்துவிட்டேன்.

உங்கள் காரியம் முடிந்த மாதம் ஒரு சைக்கிள் வாங்கினேன். போன வாரம் கரடியூர் மேட்டில் பாதியிலேயே மூச்சு முட்டி இறங்கித் தள்ளினேன். கடந்து போன பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. புல்லுக்கட்டோடு வந்த ஓர் அம்மா, "ஏனுங்க, எந்த ஊருங்க நீங்க?" என்று பேச்சுக் கொடுத்தார். மேடு முடியும்வரை இருவரும் பேசிக்கொண்டே போனோம்.