பறக்க வேண்டாம் என்று எழுதியவர்

என் செல்லப் பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், சுகம் என்று எழுதுகிறேனே தவிர பத்து நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறுகிறார், எதற்கு ஏறினோம் என்பதை மறந்துவிட்டு இறங்கி வருகிறார். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே குளிரில் நல்லபடி இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய விமான டிக்கெட்டை மாமா திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று கோபப்பட்டாயே, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். போர் நடந்தபோது என் அண்ணன் விமானப்படையில் மெக்கானிக், இருபத்து மூன்று வயது. அவர் பார்த்துக்கொண்ட சரக்கு விமானம் கிளம்பிய நாலாவது நிமிஷத்தில் விழுந்து ஐந்து பேர் போய்விட்டார்கள். பராமரிப்புக் குறை என்று பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. அதை நம்பி உன் தாத்தா சாகும்வரை அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. நான் மட்டும் யோக்கியமா? நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் தொட்டிலுக்கு மேலே ஓடாமல் நின்ற ஃபேனைச் சரிபண்ண ஸ்டூலில் ஏறினார். நீ தொடாதே அண்ணா, வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். இறங்கி ஸ்டூலை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பிறகு நம் வீட்டில் ஒரு ஸ்க்ரூவைக்கூட அவர் தொட்டதில்லை.

ஐம்பது வருஷம் தாண்டிய ராணுவக் கோப்புகளை ஆவணக் காப்பகத்தில் யார் கேட்டாலும் காட்டுகிறார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். அவரிடம் மூச்சுவிடாமல் போனேன். விமான நம்பர் இல்லாமல் தேட முடியாது என்றாள் அங்கே இருந்த பெண். அந்த விமானத்தின் வால்பக்கம் அண்ணன் சாய்ந்து நிற்கிற பழைய போட்டோ என்னிடம் இருந்தது, ஆனால் நம்பரின் கடைசி இலக்கத்தை அவர் தலை மறைத்துக்கொண்டிருந்தது. வேறு வழி, பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். தினம் இரண்டு கோப்புதான் தருவார்கள், பேனா கூடாது, பென்சில்தான். என்னைக் கண்டதுமே அந்தப் பெண் பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டாள். நாலாம் நாள் ஏழில் அகப்பட்டது. முப்பத்தெட்டுப் பக்கம். நடுவில் அன்று காலைப் பதிவேட்டின் நகல், அண்ணனுடைய குண்டுகுண்டு எழுத்து. இடது என்ஜினில் எண்ணெய் கசிகிறது, பறக்க வேண்டாம். அதற்குக் கீழே வேறு ஒருவர் எழுத்தில், அவசரம், போகலாம். பராமரிப்புக் குறை என்று கடைசிப் பக்கத்தில் எழுதி முடித்தவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தானே போயிருப்பார்கள் என்று அந்தப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தேன்.

நகலை வாங்கிக்கொண்டு நேரே அவர் அறைக்கு ஓடினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நின்றபடியே படித்தார். அழுவார், அப்பாடா என்று உட்காருவார் என்றெல்லாம் வழிநெடுகக் கற்பனை பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவரோ இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, "எழுதினது எனக்குத் தெரியும்மா. எழுதி வச்சிட்டு நான் பாட்டுக்கு சாப்பிடப் போயிட்டேனே. முன்னாடி போய் நின்னு மறிச்சிருக்கணும்ல?" என்றார். ஃபேன் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன், அதை விடு என்பதுபோல் கையை அசைத்தார். பக்கங்களைப் புரட்டி, இறந்தவர்களின் பெயர் இருந்த தாளில் நிறுத்தி, வீட்டு விலாசம் இருக்கிறதா, போய்ப் பார்க்கணும் என்றார். இருந்தது. விமானியின் தங்கை இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள், விசாரித்துவிட்டேன். நீ எழுதினதைக் காட்டவா அண்ணா போகணும் என்றேன். "எழுதினேன்னு சொல்லப் போகலை. சாப்பிடப் போனேன்னு சொல்லணும்" என்றார்.

வரும் திங்கட்கிழமை காலை போகிறோம். அதிலிருந்து எனக்குக் கை ஒன்று செய்கிறது, மனசு ஒன்று நினைக்கிறது, இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டேன். அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டால், கண்டபடி பேசிவிட்டால் இந்த வயதில் இவர் தாங்குவாரா? தடுத்துவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். இத்தனை வருஷம் எல்லோரும் சேர்ந்து அவர் வாயை அடைத்தது போதாதா என்றார். அதனால் கூடவே போகிறேன். நகல் என் கைப்பையில் இருக்கும். அவர் சொல்லாமல் அதை வெளியே எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் உன் வீடு நிறைந்து, மனசு குளிர்ந்து இருக்கட்டும் கண்ணே. கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. மாமாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே.

எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா