நான்கு சக்கரமும் இழுத்தால்தான்

அக்டோபர் 7, செவ்வாய்

என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் வண்டிக்கு அடியில் ஒரு சத்தம். கல் மாட்டிய கிரைண்டர் மாதிரி. தரைப்பாலம் தாண்டி மேடு ஏறும்போது, நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற சின்ன லிவர் தானாக வெளியே குதித்துவிட்டது. தள்ளினேன். மறுபடி குதித்தது. பக்கத்தில் சாய்ந்திருந்த அவர் கண்ணைத் திறக்காமலே, "இன்னாமே சத்தம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல, கல்லு."

கல் இல்லை. எனக்குத் தெரியும்.

அக்டோபர் 8

இன்றும் அதே சத்தம். வானம் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

பயந்தபடியே ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அக்கரை மேட்டில் நின்றுவிட்டது. என்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. கீழே மண்ணில் எண்ணெய். கொழுந்தனார் மோகன் தன் பால் வண்டியில் அவரை ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார். நான் டிராக்டர் பிடித்து வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனேன்.

வெயில் காலமாக இருந்தால் கவலையே இல்லை, எந்த ஆட்டோவும் ஆற்றைத் தாண்டும். ஆனால் மதுராந்தகம் ஏரி நிரம்பி உபரி நீர் விட்டால் எங்கள் தரைப்பாலம் முங்கிவிடும். பஸ் வராது, பால் வண்டி வராது. போன மழைக்கு அந்தத் தண்ணீரில் போய் வந்தது எங்கள் பழைய பிக்கப் ஒன்றுதான். அவருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கையில் வலு இல்லாமல் போனதிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன்.

வாரம் இரண்டு முறை போயாக வேண்டும். மழைக்கு இது தெரியுமா?

அக்டோபர் 12

மெக்கானிக் கோதண்டராமன் அதைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்கிறார். என்ஜினின் இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதானாம். உள்ளே எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது.

"போன மழைல தண்ணி உள்ள பூந்துகீதுக்கா. பேரிங்கு போயி, பல்லு ஒடஞ்சி, மேல் கூடே வெடிச்சிடுச்சி."

"வெல்டு வெச்சா தாங்காதா?"

"ரோட்டுக்குத் தாங்கும். ஆத்து நடுவுல நின்னுச்சின்னா?"

புதிதாக வாங்கலாம் என்றால், இந்த மாடலுக்குச் சாமான் வருவதே நின்றுவிட்டதாம். வேறு ஏதாவது வண்டியிலிருந்து கழற்றித்தான் போட வேண்டும். எந்த வண்டி? எங்கே? விசாரிக்கிறேன் என்றார். அவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை.

அக்டோபர் 13

மகன் தீனதயாளன் போன் செய்தான். சிறுசேரியில் வேலை, ஊரப்பாக்கத்தில் வீடு. "இங்க வந்துடுங்கம்மா. அந்த வண்டியைக் கட்டிக்கினு ஏன் அழுவுறீங்க?" இவர் போனை வாங்கிக் கத்தினார். "மாடு கீது, நெலம் கீது. உன் வூட்டு ஜன்னலத் தொறந்தா எதிர் வூட்டு ஜன்னலு. அங்க வந்து இன்னாடா பண்ணுவேன்? வண்டி சரியாயிடும்."

நான் அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று இருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

அக்டோபர் 16

மழை ஆரம்பித்துவிட்டது.

அக்டோபர் 18

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டி கிடக்கிறது என்று கோதண்டராமனுக்குத் தகவல் வந்தது. அவரோடு நானும் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதிலிருந்து அடைமழை. கடற்கரைக் குப்பத்தில், ஹெலன் என்ற அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது எங்கள் வண்டியின் அண்ணன், அதே கம்பெனியின் பழைய மாடல். மணலிலிருந்து படகு இழுக்க வைத்திருந்தார்களாம். உப்புக் காற்றில் கதவு அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. கோதண்டராமன் ஈர மணலில் மல்லாந்து அடியில் போனார். நான் வேண்டாத சாமி இல்லை.

"உள்ள சுத்தமா கீதுக்கா!"

ஹெலன் என்னைப் பார்த்து, "யாரு ஓட்டுறது?" என்றார்.

"நான்தான்."

"தண்ணிலயா? பயமா இல்ல?"

யாரும் கேட்டதில்லை இதை. "இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தம்மா டீ போடப் போனார்.

அக்டோபர் 21, செவ்வாய்

ஹெலனிடம் வாங்கி வந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் பொருந்தவில்லை! ஷாஃப்ட்டின் பல் வேறு மாதிரியாம். எங்கள் ஷாஃப்ட்டை அந்தக் கூட்டுக்குள் மாற்றிப் போட வேண்டும், லேத்தில் கொடுத்திருக்கிறேன், ரெண்டு நாள் என்கிறார் கோதண்டராமன்.

தரைப்பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆட்டோக்காரர் இதுதான் கடைசி என்று சொல்லி எங்களை இக்கரையில் இறக்கிவிட்டுப் போனார்.

அக்டோபர் 24, வெள்ளி

ஏரியைத் திறந்துவிட்டார்கள். பாலம் தெரியவில்லை. வண்டி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

இன்றைக்கு டயாலிசிஸ் போகவில்லை.

அக்டோபர் 25

அவருக்குக் கால் வீங்கிவிட்டது. அழுத்தினால் விரல் பதிகிற குழி மேலே வரவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் கேட்கிறார். வாயை நனைக்கத்தான் கொடுத்தேன். திட்டினார். திட்டட்டும். திட்டுவதற்கு மூச்சு இருக்கிறதே.

தீனா அக்கரை வரை வந்து நிற்கிறானாம். மீட்புப் படகு வேறு ஊரில் இருக்கிறது, வரும் என்கிறார்கள். கோதண்டராமனுக்குப் போன் மேல் போன். "கேஸ வண்டில பூட்டிக்கினு கீறேன்க்கா, பூட்டிக்கினு கீறேன்."

கடவுளே, இன்னா பண்ணுவேன் நான். எதுனா ஆச்சின்னா இன்னா பண்ணுவேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் தண்ணீர் கொஞ்சம் வடிந்தது. கோதண்டராமனே வண்டியை ஆற்றில் இறக்கி இக்கரைக்கு ஓட்டி வந்தார். இறங்கியதும், "எனக்கு இந்தப் பாலம் பழக்கம் இல்லக்கா, திரும்ப நீ ஓட்டு. லிவர் குதிக்காம நான் புடிச்சிக்கிறேன்" என்றார். என் வீட்டுக்காரரை நடுவில் உட்கார வைத்தோம். மோகன் பின்னால் ஏறிக்கொண்டார்.

பாலத்தின் ஓரக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்தே ஓட்டினேன். பாதியில் கதவுக்கு அடியால் தண்ணீர் உள்ளே வந்தது. வண்டி பக்கவாட்டில் லேசாக நகர்ந்த மாதிரி இருந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. கோதண்டராமன் இரண்டு கையாலும் லிவரை அமுக்கிக்கொண்டு, "இழுக்குதுக்கா, நாலும் இழுக்குது, போ, போ" என்று கத்திக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரரின் தலை என் தோளில் கிடந்தது. மூச்சுவிடும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது அங்கேயே.

அக்கரை ஏறினோம். தீனா ஓடி வந்து கதவைத் திறந்தான்.

உடனே மெஷினில் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அக்டோபர் 28

முகத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. சாயங்காலம் அவர் எழுந்து உட்கார்ந்து, "வண்டிதான் நல்லாயிடுச்சே, வூட்டுக்குப் போலாமா?" என்றார்.

"வண்டி நல்லாயிடுச்சி. நான் ஆவல" என்றேன். "அந்தத் தண்ணில இனிமே நான் ஓட்ட மாட்டேன். நீ போறதுன்னா போ."

இத்தனை வருடத்தில் இப்படிப் பேசியதில்லை. அவர் என்னையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 29

காலையில் மோகனைக் கூப்பிட்டு, "மாட்ட நீ பாத்துக்கடா. வண்டியயும் வெச்சிக்க. ஊர்ல யாருக்குனா ஆவும்" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு வாடகை அறை. பொங்கல் வரைக்கும் இங்கேதான், அப்புறம் பார்க்கலாம் என்கிறார் இவர். ஊரில் தண்ணீர் மறுபடி ஏறியிருக்கிறது. ரேஷன் அரிசியை வண்டியில் கொண்டுவந்து சேர்த்ததாக மோகன் நேற்று போனில் சொன்னார். இவர் லிவர் குதித்ததா, சத்தம் வந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார். "ஒண்ணுமில்லண்ணே, நல்லா போவுது."

இன்று பொழுது விடிந்தது தெரியாமல் தூங்கிவிட்டேன். எழுந்தபோது பக்கத்தில் அவர் இல்லை. பதறிக்கொண்டு வெளியே ஓடினேன். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு நடந்து போயிட்டாரு. உன்ன எழுப்பாத, தூங்கட்டும்னு சொன்னாரும்மா."

மழை விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வந்து பாயைச் சுருட்டினேன். குடையையும் அவரே எடுத்துப் போயிருக்கிறார்.