வண்டியை ஆட்ட இரண்டு பேர்

மார்ச் 2, திங்கள்

பெட்ரோல் விலை மறுபடியும் ஏறிவிட்டது. வாஷிங் மெஷின் பழுது பார்க்க ஊரெல்லாம் அலைகிறவனுக்கு இது வயிற்றில் அடிக்கிற சமாசாரம். வருகிற கூலியில் பாதியை வண்டியே குடித்துவிடுகிறது.

மனைவி போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். எந்த பங்க்கில் விலை குறைவு என்று அது சொல்லுமாம். பார்த்தேன். கல்குவாரி ரோட்டு பங்க். இதைச் சொல்ல ஒரு ஆப்பா? நான் அரை டிராயர் போட்ட காலத்திலேயே அப்பா சொன்னதுதானே.

மார்ச் 3, செவ்வாய்

அவ்வளவு தூரம் போனால் மிச்சம் பிடித்தது வழியிலேயே கரைந்துவிடும் என்கிறாள். அப்பாவிடம் அம்மாவும் இதையேதான் சொல்வாள்.

மார்ச் 4, புதன்

போனேன்.

ரயில்வே கேட் தாண்டி அந்த இறக்கம் அப்படியே இருக்கிறது. அங்கே வந்ததும் அப்பா எஞ்சினை அணைத்துவிடுவார். "சும்மா வர்றத எதுக்கு விடணும்?" எங்கள் பச்சைக் கார் சத்தமில்லாமல் உருளும். பின் சீட்டில் நானும் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம், மூச்சு விட்டால் கார் நின்றுவிடும் என்பதுபோல. டேங்க் நிரம்பியதும் எங்களை இறங்கச் சொல்வார். ஆளுக்கொரு பக்கம் நின்று காரை ஆட்ட வேண்டும். உள்ளே இருக்கிற காற்று வெளியேறினால் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் பிடிக்கும் என்பது அவர் சித்தாந்தம். அம்மா மட்டும் இறங்கவே மாட்டாள். முன் சீட்டில் ஆடிக்கொண்டே எங்கள் மூன்று பேரையும் திட்டுவாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

இன்றும் டேங்க் நிரம்பியதும் கை தானாக வண்டியின் மேல் போனது. தனியாக ஆட்டிப் பார்த்தேன். பங்க்காரர் சிரித்துவிட்டார்.

"இன்னொரு அம்மாவும் இப்படித்தாங்க. சனிக்கிழமை காலைல வருவாங்க. ஒத்தையா நின்னு ஆட்டுவாங்க, சொன்னா கேக்க மாட்டாங்க."

எப்படி இருப்பார்கள் என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்களாம்.

அக்கா.

அப்பா போன கையோடு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பச்சைக் காரை விற்றவள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

மார்ச் 5, வியாழன்

எனக்கென்ன வந்தது? அவள் எங்கே வேண்டுமானாலும் பெட்ரோல் போட்டுக்கொள்ளட்டும்.

மார்ச் 6, வெள்ளி

டேங்க்கில் நிறைய இருக்கிறது. நாளை பங்க்குக்குப் போக ஒரு காரணமும் இல்லை. அதனால் வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவன் செய்கிற காரியமா இது — மனைவியிடம் சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

தலை நன்றாக நரைத்துவிட்டது அவளுக்கு. ஒரு பக்கமாக நின்று தன் காரை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். அது அசைவேனா என்றது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? போய் மறுபக்கம் நின்று பிடித்தேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் விடும்போது நீ தள்ளணும்டா. இன்னும் கத்துக்கலையா?"

ஆட்டினோம். கார் ஆடியது. பங்க்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஊற்றினார். ரெண்டு ஸ்பூன் பிடித்திருக்கும்.

பிறகு காற்றடிக்கிற இடத்தில் ஓரமாக நின்றோம். காரைப் பற்றி அவளே ஆரம்பித்தாள். "ஷெட்ல அவரு இல்லாம அது நிக்கிறத தினம் பாக்க முடியலடா. உன்ன கேட்டா விக்க விட்டிருக்க மாட்ட."

விட்டிருக்க மாட்டேன்தான். அழுதுவிட்டேன், பங்க்கில் நின்று, அத்தனை பேர் முன்னால். அக்கா புடவைத் தலைப்பை நீட்டினாள்.

மார்ச் 14, சனி

ஒரே இடத்துக்கு ரெண்டு வண்டி எதற்கு, வீண் செலவு என்று அக்கா வீட்டுக்கே வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். இறக்கம் வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவள் கார் டேங்க்கை நிரப்பி, ஆட்டி, அப்பாவைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே திரும்பினோம். அவள் என்னை இறக்கிவிட்டுப் போன பிறகுதான் பார்க்கிறேன் — பெட்ரோல் முள் அடியில் கிடக்க, என் வண்டி வாசலில் நிற்கிறது.