ஏழாவது படியைப் பற்றிய மனு

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அம்மா சுகம், நான் அவ்வளவாக இல்லை என்று எழுதிக்கொள்கிறேன். பயந்துவிடாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா கைத்தடியோடு வாசல் வரை நடக்கிறாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாகிவிட்டது, அதை வைக்க வந்தவர் முதலில் என் உயரத்துக்கு வைத்துவிட்டு, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, கழற்றி மறுபடி வைத்தார். அக்கா ஞாயிறுதோறும் வந்து அலமாரியை அடுக்கிவிட்டுப் போகிறாள், அப்புறம் ஒரு வாரத்துக்கு எங்களுக்கு ஒரு சாமானும் கைக்குக் கிடைப்பதில்லை.

அம்மா விழுந்தாளே அந்த ரயில்பாதை நடைமேம்பாலம், அதன் படியை ஏன் யாரும் சரிசெய்யவில்லை என்று நகராட்சியில் மனுப் போட்டுக் கேளுங்கள் என்று போன வருஷமே போனில் சொன்னாய். நான் பிடிகொடுக்கவில்லை. அதே நகராட்சியின் ஆவணப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தவன், இப்போது நானே போய் வரிசையில் நிற்பதா என்று வீம்பு. பிறகு, இனி அம்மா வேலைக்குத் திரும்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய மேசைச் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள். அவள் அதைப் பிரிக்கவேயில்லை, கைத்தடியாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அன்றைக்குத்தான் உட்கார்ந்து மனு எழுதினேன். ஏன் சரிசெய்யவில்லை, யார் பொறுப்பு, உங்களுக்கு மனசாட்சி இல்லையா என்று இரண்டு பக்கம். ஐந்தாம் நாள் திரும்பி வந்துவிட்டது. மேலே சிவப்பு மையில் ஒரு முத்திரை, கேள்விகளுக்கு விளக்கம் அளிக்க இயலாது, குறிப்பிட்ட ஆவணம் கோரவும் என்று. அந்த முத்திரையைச் செய்யச் சொன்னதே நான்தான். தினமும் இதையே கையால் எழுதி அலுத்துப்போய்ச் செய்யச் சொன்னேன், அது வந்த அன்று வெள்ளைத்தாளில் குத்திப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஊரார் மனுவில் எல்லாம் குறை கண்டுபிடித்தவன், என் வீட்டு விஷயம் என்றதும் எல்லோரையும் போல ஆத்திரத்தைத்தான் எழுதியிருக்கிறேன்.

நம் நூலகத்தில் சனிக்கிழமை காலையில், நாளிதழ் மேசைக்குப் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்து இந்த மாதிரி மனுக்களை எழுத உதவி செய்கிறார். நகராட்சிக்கு எதிரே நகல் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். திரும்பி வந்த மனுவோடு ஆட்கள் அவர் கடை வாசலில் நின்று புலம்புவதை வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டே தொழிலைக் கற்றுக்கொண்டாராம். என் மனுவைப் படித்துவிட்டு, ஏன்னு கேட்டா பதில் வராது சார், அந்தக் காரணம் எந்தக் காகிதத்துல இருக்கும்னு யோசிங்க, அந்தக் காகிதத்தைக் கேளுங்க என்றார். எனக்கே பாடம். பாலத்தின் ஆய்வு அறிக்கை, புகார்ப் பதிவேட்டுப் பக்கங்கள், பழுது பார்க்கப் போட்ட உத்தரவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று வரிசையாகச் சொல்லி என்னை எழுதவைத்தார். கடைசியில் ஒன்று சேர்த்தார், இந்தப் பாலம் பற்றி வந்து திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களின் நகல் என்று. இது எதுக்கும்மா என்றேன். இருக்கட்டும் சார் என்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருபத்தாறாம் நாள் உறை வந்தது, பதின்மூன்று பக்கம். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள், நான் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தேன். பொறியாளர் பிரிவின் குறிப்பு ஒரே வரிதான், மேற்படி பாலம் குறித்துப் புகார் எதுவும் வரவில்லை, எனவே ஆய்வு செய்யப்படவில்லை. கடைசிப் பக்கம் அந்த நகல் கடை அம்மாவின் மனு. கிழக்குப் பக்கம் ஏழாவது படி ஆடுகிறது, ஏன் யாரும் வந்து பார்க்கவில்லை என்று நீலப் பேனாவில் எழுதியிருந்தார், அம்மா விழுந்த அதே படி. அதன்மேல் சிவப்பு முத்திரை, கீழே என் இனிஷியல். நான் ஓய்வு பெற்ற மாதம், அம்மா விழுவதற்கு ஆறு மாதம் முன்னால். பொறியாளர் பிரிவு எனக்கு எதிர் அறைதானம்மா. எழுந்து பத்தடி நடந்து அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் போதும். அவர் கேட்டது என்ன என்று பார்க்காமல் கேட்ட விதத்தைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவரிடம் போய், திருப்பினது நான்தான்னு தெரிஞ்சிருந்தும் எனக்கு எதுக்கும்மா எழுத உதவினீங்க என்று கேட்டேன். நான் வாயால சொன்னா நம்பியிருப்பீங்களா சார், நீங்க காகிதத்துல பார்த்தாத்தானே நம்புவீங்க என்றார். பிறகு, உங்ககிட்ட ரெண்டாவது தடவை வந்து நிக்க எனக்குப் பிடிக்கலை, வந்திருக்கலாம், அது என் தப்பு என்றும் சொன்னார். என் தப்பில் அவர் பங்கு கேட்கிறார், பார். நான் வந்துவிட்டேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கட்டுப் போட்டிருந்தபோது, ஊருக்கெல்லாம் கண்ணைச் சோதிக்கிறவளுக்குப் படி தெரியலையா என்று சிரித்தேன். உனக்குக்கூடப் போனில் சொன்னேன், நீ சிரிக்கவில்லை. அம்மா அன்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள், வலி என்று நினைத்தேன்.

ஒன்பது நாளாக அவளிடம் சொல்லவில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், எழுதி முடித்துப் படித்துக் காட்டுவேன், கீழே அவள் இரண்டு வரி எழுதுவாள். இன்றும் படித்துக் காட்டப்போகிறேன், இடம் விட்டிருக்கிறேன். வெறுமையாக வந்தால் ஏன் என்று அவளைக் கேட்காதே. நீயும் அங்கே உதவி மையத்தில் உட்காருகிறவள், தப்புத் தப்பாகக் கேட்கிறவர்களைக் கொஞ்சம் முழுசாகக் கேட்டுவிட்டு அனுப்பு. குழந்தையின் தடுப்பூசி அட்டையை நகல் எடுத்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள், மறக்காதே. நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா

சின்னவளுக்கு அம்மா எழுதுவது. அப்பா படித்துக் காட்டினார். எனக்குக் கோபம்தான், இன்றைக்கோ நாளைக்கோ தீருகிற கோபமில்லை. ஆனால், பார்த்து நடக்காமல் விழுந்தேனே என்று பதினான்கு மாதமாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன், அதை இன்றோடு விட்டேன்.