நான் அடக்கிக்கொண்ட தும்மல்

என் ஒற்றைத் தும்மலுக்குத் துணை போட்ட அப்பாவுக்கு,

சரசு எழுதுகிறேன். நேரில் பேசும்போதே எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது என்பது உங்களுக்குத் தெரியும். நம் தெரு வாசகசாலையில் கையெழுத்துப் பத்திரிகை ஆரம்பித்திருக்கிறார்கள். ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வந்தார்கள். "இவ இன்னா எழுதப் போறா, எட்டாவதோட நின்னவ" என்றாள் அம்மா. எட்டாவதோடு நின்றவள் அப்பாவுக்குக் கடிதம் எழுதலாம் இல்லையா? அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. கார்த்திகை மழையில் முருங்கை மரம் முறிந்து விழுந்துவிட்டது. தெருக்கோடியில் குழாய் போட்டுவிட்டார்கள். தண்ணீர் மட்டும் இன்னும் வரவில்லை. ரேடியோ பழையபடி தலையில் இரண்டு தட்டு தட்டினால்தான் பாடுகிறது. அம்மா இப்போது இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள். அத்தைக்கு முழங்கால் வலி. எனக்குப் பதினாறு முடிந்துவிட்டது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது படிப்பு வராமல் அல்ல. டீச்சர் எழுந்து நின்று படி என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வாயில் வராது. எட்டாவது பரீட்சை எழுதி லீவு முடிந்த பிறகு நான் போகவில்லை. மூன்று நாள் என் பையைத் தூசி தட்டி வாசலில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனீர்கள். நாலாம் நாள் வைக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொன்னதே இல்லை, அப்பா. இப்போது சொல்கிறேன்.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது தும்மலுக்கு.

எனக்கு எப்போதும் ஒரே ஒரு தும்மல்தான் வரும். வாசல் பெருக்கினாலும் மிளகாய் தாளித்தாலும், காலைப் பனியில் கோலம் போட்டாலும் ஒன்றே ஒன்று. அதுவும் நீங்கள் ஏழு நாற்பது ரயில் வண்டியைப் பிடிக்கச் செருப்பில் கால் நுழைக்கும் நேரம் பார்த்து வரும். அத்தை ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து நம்மோடு வந்து தங்கிய பிறகு அது பெரிய குற்றமாகிவிட்டது. ஒற்றைத் தும்மல் கேட்டால் கிளம்பியவர் உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். நீங்கள் உட்கார்ந்து எழுவதற்குள் வண்டி போய்விடும். துறைமுகத்து ஆபீசில் தாமதமாகப் போனால் பெயருக்கு நேரே சிவப்பு மை. அத்தை என்னைச் சமையலறைக்கு விரட்டுவாள். "அந்தாண்ட போயி நில்லுடி! மூக்கா அது, சங்கு!" என்பாள்.

ஒரு நாள் நான் தும்மியதும், செருப்பைப் போட்டபடியே நீங்களும் ஒரு தும்மல் தும்மினீர்கள். பொய்த் தும்மல். நாடகத்தில் தும்முவது மாதிரி பெரிதாக.

"ரெட்டத் தும்மல்க்கா. நல்ல சகுனம். வரட்டா?"

"இன்னாடா வெளாடுற? ஒரே மூக்குலருந்து வரணும்டா!"

"எங்க எழுதிக் கீது? அவ மூக்கப் பாரு, எம்மூக்கப் பாரு. ஒரே அச்சு. அவுளுக்குப் பாதி, எனக்குப் பாதி."

கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை முந்தானைக்குள் சிரிப்பை அடக்குவது கேட்டது. அன்றிலிருந்து நான் தும்மினால் நீங்கள் தும்முவீர்கள். குளிக்கும் அறையில் இருந்தால் அங்கிருந்து கேட்கும். பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும். என் மேல் விழ வேண்டிய திட்டை வாங்கி எங்கேயோ வீசிவிடுவீர்கள். நாலு பேர் நடுவில் தலை நிமிராத எனக்கு, இந்த வீட்டில் என் பக்கம் ஓர் ஆள் இருக்கிறார் என்று தினம் காலையில் தெரிந்தது.

நீங்கள் அதையெல்லாம் நம்பவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்று அந்தக் காலர் கிழிந்த நீலச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். அது நான் பிறந்த அன்று நீங்கள் போட்டிருந்த சட்டை என்று எனக்குத் தெரியும். "நீங்களும் நம்புவீங்களாப்பா?" என்று கேட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா?

"எலெக்ட்ரிக் ட்ரெயின்ல மேல ஒரு வளையம் தொங்குதுல்ல? கூட்டத்துல அதப் புடிச்சிக்கினு நிக்கறோம். அது வண்டிய ஓட்டறதும் இல்ல, நிறுத்தறதும் இல்ல. ஆனா வண்டி ஆடும்போது கை சும்மா இருக்க முடியலியேம்மா."

அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் பத்து மாதமாகச் சொல்லாதது.

அந்தத் திங்கட்கிழமை நீங்கள் தாமதமாகக் கிளம்பினீர்கள். அதற்கு முந்தைய வாரம்தான் இரண்டு சிவப்பு மை வாங்கியிருந்தீர்கள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். நீங்கள் செருப்பு போடும்போது எனக்குத் தும்மல் வந்தது. நான் தும்மினால் நீங்கள் தும்ம வேண்டும், அத்தையிடம் வம்பு பேச வேண்டும், இரண்டு நிமிடம் ஆகும், வண்டி போய்விடும். தாவணியால் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தது, தும்மல் வரவில்லை. நீங்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனீர்கள்.

வண்டி பீச் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்ததும், உங்களோடு தினமும் போகும் டேனியல் சார் உங்களை எழுப்பினார். நீங்கள் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் கூடியிருந்தவர்கள் நடுவில் அத்தை அழுதது என் காதில் இப்போதும் இருக்கிறது. "ஒரு தும்மலு கூட இல்லாம போனானே! ஒரு சகுனம் காட்டலியே!" நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். சகுனம் வந்தது, அதை நான் மூக்கைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? நான் தும்மியிருந்தால் வண்டியை விட்டிருப்பீர்கள். அடுத்த வண்டி வரை வீட்டில் இருந்திருப்பீர்கள். நெஞ்சைப் பிடித்ததும் அம்மா பார்த்திருப்பாள். தெருமுனையில் டாக்டர் இருக்கிறார். ஒவ்வொரு நாளும் இதே கணக்கு. சாப்பாடு இறங்காது. அதன் பிறகு எனக்குத் தும்மல் வந்தால் கொல்லைக்கு ஓடிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து டேனியல் சார் வீட்டுக்கு வந்தார். உங்கள் ஆபீஸ் மேஜையில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் டம்ளரையும் கொண்டுவந்தார். அம்மா காபி கொடுத்தாள். அத்தையும் கதவோரமாக வந்து உட்கார்ந்தாள்.

"இப்பவும் அதே ஏழு நாப்பதுதானா சார்?" என்று கேட்டாள் அம்மா.

"அதேதாம்மா. ஆனா அந்த மூணாவது பெட்டியில ஏறறதில்ல. கடைசிப் பெட்டிக்கு நடந்து போயிடறேன்." சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது. "நாங்க இதெல்லாம் நம்பறவங்க இல்ல. ஜெபம் பண்ணிட்டுத்தான் கிளம்பறேன். ஆனாலும் கால் அங்க போகமாட்டேங்குது. அன்னிக்கு ஜன்னலோர சீட்ட நான்தான் அவருக்குக் குடுத்தேன். பல்லாவரம் தாண்டிக் கண்ண மூடினார். தூங்கறாரு, எழுப்ப வேணாம்னு விட்டுட்டேன். சீட்டுக் குடுக்காம இருந்திருந்தா, நின்னுகிட்டே பேசிட்டு வந்திருப்பாரு. எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

படித்தவர், ஆபீசர் கையெழுத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர், அவரும் இப்படியா? எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ, தெரியவில்லை.

"சார், நான் தும்மல அடக்கிட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் எழுந்து நின்று படி என்றது போல இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. தாவணி, மூக்கு, சிவப்பு மை, இரண்டு நிமிடம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை பெரிய பாடம் ஒப்பித்ததில்லை. முடித்துவிட்டு, அம்மா அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

அம்மா அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். "பைத்தியமே. அவுரு கொடைய மறந்துட்டாருன்னு நான்தான்டி பின்னாலருந்து கூப்ட்டேன். கெளம்பறவங்கள அப்டிக் கூப்டக் கூடாதுன்னு தெரிஞ்சும் கூப்ட்டேன். பத்து மாசமா அந்தக் கொடைய நான் தொடல."

அத்தை முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு கால்களை மடக்கிக்கொண்டு சொன்னாள்.

"தெனம் அவன் கெளம்பசொல்லோ நான் எங்க நிப்பேன்னு உங்குளுக்குத் தெரியுமா? கதவு மறவுல. தாலியறுத்தவ மூஞ்சில முழிச்சிட்டுப் போவக் கூடாதுன்னு. அன்னிக்கு அவன் போயிட்டான்னு நெனச்சி கெணத்தாண்ட போனேன். கயிறு அறுந்துபோச்சி. காலிக் கொடத்தோட திரும்பி வரசொல்லோ தெருமுனையில நேருக்கு நேரா வந்துட்டான். 'இன்னாக்கா, கயிறு காலியா?'ன்னு சிரிச்சிக்கினே போனான். அதான் அவன் என்னாண்ட பேசுன கடைசி."

அத்தை எல்லோருக்கும் சகுனம் பார்த்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்களை அதட்டிக்கொண்டு, அவளே தன்னைத் தினமும் ஒளித்துவைத்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்களா, அப்பா?

டேனியல் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டர் என்கிட்ட சொன்னாரும்மா. ரொம்ப நாளா உள்ள இருந்திருக்கு. எங்க இருந்தாலும் வந்திருக்கும்னார். இத அப்பவே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்போமா சார்?" என்றாள் அம்மா.

திடீரென்று அத்தை நிமிர்ந்தாள். "நாலு பேரும் சேந்துதான் அவன அனுப்பி வெச்சோம்னா, எமனுக்கு இன்னாதான் வேல? சம்பளம் மட்டும் வாங்கிக்கினு கீறானா?"

முதலில் டேனியல் சார்தான் சிரித்தார். பிறகு அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அதன் பிறகு நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் நாலு பேரும் பழியை ஏன் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தோம்? என் தும்மல் காரணம் என்றால், நான் நினைத்திருந்தால் உங்களை நிறுத்தியிருக்கலாம் என்று ஆகிறது. யாராலும் நிறுத்தியிருக்க முடியாது என்று நினைப்பதைவிட, என்னால் முடிந்திருக்கும் என்று அழுவது எளிதாக இருந்ததோ? பிரியமானவர் வாசலைத் தாண்டிப் போகும்போது நம் கையில் ஒன்றுமே இல்லை. அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுக்கத்தான் தண்ணீர், சகுனம், நீலச் சட்டை எல்லாமா? நான் அதிகம் படிக்காதவள், தப்பாக இருக்கலாம். ஆனால் இப்போது அத்தை மேல் கோபம் வரவில்லை. சாப்பாடும் இறங்குகிறது.

இன்னொரு சேதியும் உண்டு. டேனியல் சார் மனைவி குரோம்பேட்டையில் தையல் வகுப்பு நடத்துகிறார். அன்று நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "இந்தப் பொண்ணயா வாய் இல்லாதவன்னு சொன்னீங்க? நாளன்னிக்கே அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் சார். முதல் முறையாக நான் தனியாக வண்டி ஏற வேண்டும். பயமாகத்தான் இருந்தது.

கிளம்ப வேண்டிய அன்று காலை அத்தையைக் காணவில்லை. எங்கே இருப்பாள் என்று தெரியும். கதவுக்குப் பின்னால் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வெளிய வா அத்த. வாசலுக்குப் போயி என் எதுர்ல நடந்து வா."

"உடுடி! மொத மொதல்ல கெளம்பற. எம்மூஞ்சியப் பாத்துட்டுப் போனா ட்ரெயினே வராது."

"வரலைன்னா திரும்பி வந்துடறேன். வா."

அவள் வந்தாள், அப்பா. முழங்காலைத் தாங்கித் தாங்கி, கேட்டிலிருந்து படி வரை, தலையைக் குனிந்துகொண்டு என் எதிரே நடந்து வந்தாள். கிட்டே வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த முகம் கொஞ்சம் உங்கள் முகம். எனக்கு அதுவரை தெரியவில்லை.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. வராமல் போயிருந்தாலும் மறுநாளும் அவளைக் கூப்பிட்டிருப்பேன். என் பக்கம் நீங்கள் நின்றது போல இனி அவள் பக்கம் நான் நிற்பேன். இந்த வீட்டில் யாரும் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

தினமும் அத்தை முகத்தில் விழித்துக் கிளம்பும்,
உங்கள் மகள்
சரசு