அறுபத்து மூன்றரை கிலோ

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? தையல் மெஷினுக்கு மோட்டார் போடச் சொன்னேனே, போட்டீர்களா? நான் சௌக்கியம்.

இத்துடன் வைத்திருக்கும் போட்டோவில் என் மொட்டைத் தலையைப் பார்த்து அம்மா பதற வேண்டாம். போன குத்துச்சண்டைக்கு முந்தின நாள் தராசில் நாற்பது கிராம் கூடுதலாக நின்றேன். ஒரு நாளாகத் தண்ணீர் குடிக்காததால் துப்பி எடை குறைக்கவும் எச்சில் இல்லை. “தலைமுடிக்கும் எடை இருக்குடா, உக்காரு” என்று கோச் வழித்துவிட்டார். எடை சரியானது, மறுநாள் ஜெயித்தும் விட்டேன்.

உடம்பு இந்த லைட் வெல்டர்வெயிட் எடைப் பிரிவில் அடங்கவில்லை, மேல் பிரிவுக்குப் போகட்டுமா என்று மானேஜரிடம் கேட்டேன். “அறுபத்து மூணரைக்குத்தானே கையெழுத்துப் போட்டே? இன்னும் மூணு வருஷம் இருக்கு” என்று சிரித்தார். என் பாஸ்போர்ட்டும் அவர் மேசைக்குள் பத்திரமாக இருக்கிறது.

தங்கை கல்யாணத்துக்குச் சட்டை தைக்க அளவு கேட்டிருந்தீர்கள். மார்பு முப்பத்தாறு, இடுப்பு இருபத்தெட்டு. கல்யாணத்துக்கு வர முடியாவிட்டாலும் தைத்து மாட்டி வையுங்கள்.

கோச் தராசடியில் நின்று கத்துகிறார். ஒன்று மட்டும் அப்பா: தையலுக்குள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தையுங்கள். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டதும் நீங்கள்தான் பிரித்துவிட வேண்டும்.

உங்கள் மகன்